கோடாலி அக்காவுக்கு ஒரு கல்

உங்க செல்போனை ஒரு நிமிஷம் கையில எடுங்க பாஸ். ப்ளூடூத் ஆன் பண்ணுங்க. அந்த லோகோவை உத்துப் பாருங்க. ஆங்கில 'பி' மாதிரி தெரிஞ்சாலும், இடது பக்கம் ரெண்டு சின்ன வால் நீட்டிக்கிட்டு இருக்கே... கவனிச்சிருக்கீங்களா? அது ஆங்கில எழுத்தே இல்லை! வைக்கிங்குகள் காலத்து 'ரூன்' எழுத்து ரெண்டை ஒண்ணா ஒட்டினது. 10-ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு ப்ளூடூத் என்ற ராஜாவின் இனிஷியல்.

அதாவது, நம்ம எல்லார் பாக்கெட்டுலயும் ஒரு ரூன் இருக்கு. "சரி, அதுக்கு என்ன இப்போ?"னுதானே கேக்கறீங்க? ஒரே ஒரு ரூனுக்கு ஆசைப்பட்டு, நல்ல ஒரு ஃப்ரெண்டைத் தொலைக்கப் பார்த்தவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் மந்திரம், கொஞ்சம் கணக்கு, நாலஞ்சு ராட்சசங்க எல்லாம் வருவாங்க. பயப்படாதீங்க!

2022-ல் எம்.எஸ். படிக்க ஸ்வீடன்ல இருக்கற உப்சாலா போனேன். தேனி மாவட்டத்து வெயில்ல காய்ஞ்ச உடம்பு. அங்கே டிசம்பர்ல மத்தியானம் 3 மணிக்கு முன்னாடியே சூரியன் ஷட்டரை இறக்கிடும். ஃப்ளோக்ஸ்டா என்ற ஏரியாவில் மாணவர் குடியிருப்பு. காரிடார் முழுக்க ரூம்கள், எல்லாருக்கும் பொதுவா ஒரு கிச்சன். முதல் ஒரு மாசம் அந்தக் கிச்சன்ல நான் பேசினது ரசப்பொடி டப்பாகிட்ட மட்டும்தான்.

அந்த ஏரியாவில் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. ராத்திரி சரியா 10 மணி ஆச்சுன்னா ஜன்னலைத் திறந்து ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்துவாங்க. பல வருஷமா நடக்கற வழக்கம். படிப்பு டென்ஷன், வீட்டு நினைப்பு எல்லாத்தையும் வெளியே கொட்டறதுக்கு! முதல் நாள், ஏதோ கொலை விழுந்துடுச்சுன்னு நினைச்சு கதவைப் பூட்டிக்கிட்டேன். எதிர் ரூம் ஸ்பெயின் பொண்ணுதான் கதவைத் தட்டி, "நீயும் கத்து, நல்லாயிருக்கும்"னு கூப்பிட்டா. கத்தினேன். நிஜமாவே நல்லா இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவளே என்னைக் கிச்சன் டேபிளுக்கு இழுத்துட்டுப் போனா. அங்கே அஞ்சு பேர், ஒரு வரைபடம், கலர் கலரா பகடைகள்.

'டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம்' கேள்விப்பட்டிருப்பீங்க. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கு ஆதி. ஸ்வீடன்ல 1982-லேயே அவங்க மொழியில 'டிராகர் ஓக் டெமோனர்'னு ஒண்ணு வந்துடுச்சு. நாங்க ஆடினது 'பாத்ஃபைண்டர்' ரெண்டாம் பதிப்பு. 2019-ல் வந்தது. இதுல கம்ப்யூட்டரும் கிடையாது, ஸ்க்ரீனும் கிடையாது. ஒருத்தர் கேம் மாஸ்டர், அவர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். "நான் இந்தச் சுவர்ல ஏறறேன்"னு சொன்னா, 20 முகப் பகடையை உருட்டணும். விழுந்த எண்ணோட உங்க கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டி, குறிச்ச இலக்கைத் தொட்டா ஏறிட்டீங்க. தொடலையா? பொத்துனு விழுந்தீங்க.

என் கேரக்டர் ஒரு குள்ளக் கொல்லன். பேர்... மம்பட்டி! அந்த ஸ்பெயின் பொண்ணோட கேரக்டர், ஆறடி உயரத்துல கோடாலி தூக்கிட்டு முன்னாடி ஓடற வீராங்கனை. அதுக்கு அவ வெச்ச ஸ்பானிஷ் பேர் என் வாயில நுழையலை. 'கோடாலி அக்கா'ன்னு கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டு சிரிச்சவங்க, அதையே பிடிச்சுக்கிட்டாங்க. நாலு நாட்டுப் பசங்க வாயில் 'அக்கா'ங்கிற வார்த்தை உருண்டதைக் கேட்டப்போ, ரசப்பொடி டப்பாவுக்கு லீவு கொடுத்துட்டேன்.

கொல்லன் ஆச்சே... ஆயுதங்களில் ரூன் பொறிக்கற வேலை மம்பட்டியோடது. அதுக்கான விதிகளைச் சொல்றேன், ஒரு செமஸ்டர் பேப்பர் மாதிரி இருக்கும்!

ஒரு சாதாரண வாளை மந்திர வாளாக்க முதல்ல 'பொடென்சி' ரூன் பொறிக்கணும். விலை 35 பொற்காசு. குறி பார்த்து வீசறப்போ உருட்டலோட 1 கூடும். அடுத்தது 'ஸ்ட்ரைக்கிங்' ரூன், 65 பொற்காசு. எதிரிக்கு அடி எவ்வளவுன்னு பார்க்க ஒரு பகடை உருட்டற இடத்துல ரெண்டு உருட்டலாம். அதுக்கு மேலதான் நெருப்பு, குளிர், மின்னல் மாதிரி விசேஷ ரூன்கள். பொடென்சி 1-ன்னா ஒரே ஒரு விசேஷ ரூனுக்குத்தான் இடம். 'ஃப்ளேமிங்'னு சொல்ற நெருப்பு ரூன் 500 பொற்காசு. வாளை வீசினா தீ பறக்கும்.

ஆசைப்பட்டவங்க எல்லாம் பொறிக்க முடியாது. கைவினைத் திறமையில 'எக்ஸ்பர்ட்' ஆகியிருக்கணும், அதுக்கு மேல 'மேஜிக்கல் க்ராஃப்டிங்' தனியா கத்திருக்கணும். பாதி விலைக்கு மூலப்பொருளை முதல்லயே எடுத்து வைக்கணும். நாங்க ஆடினப்போ குறைஞ்சது நாலு நாள் உட்கார்ந்து வேலை பார்க்கணும் (2023-ல் வந்த திருத்திய பதிப்பில் இந்த நாள் கணக்கைக் குறைச்சுட்டாங்க). பொறிக்கற ஆயுதம் அத்தனை நாளும் உங்ககிட்டயே இருக்கணும். அப்புறம் பகடை. தோத்தா நாள் போச்சு. ரொம்ப மோசமாத் தோத்தா மூலப்பொருள்ல பத்துல ஒரு பங்கும் போச்சு.

கடைசியா, இந்தக் கதைக்கு முக்கியமான ரெண்டு விதி. ஒண்ணு, ஓர் ஆயுதத்துல இருக்கற ரூனை இன்னொரு ஆயுதத்துக்கு மாத்தலாம். ஒரு நாள் வேலை, ரூன் விலையில 10 சதவீதம் செலவு. ரெண்டு, 3 பொற்காசு கொடுத்து 'ரூன்கல்' வாங்கி, அதுல ரூனைப் பத்திரமா இறக்கி வைக்கலாம். ஆனா கல்லுல இருக்கற வரைக்கும் அந்த ரூன் எந்த வேலையும் செய்யாது. கல்லுல இருந்து எப்போ வேணும்னாலும் ஆயுதத்துக்கு எடுத்துக்கலாம். அதுக்குக் காசு கிடையாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சக்தி சும்மா கிடைச்சா யாரும் யோசிக்க மாட்டாங்க. ஒரே இடம், 500 காசு, போகிற நாள் போனதுதான்னு ஆனாத்தான் 'நெருப்பா, குளிரா'ன்னு ராத்திரி தூக்கம் வராம யோசிப்போம். கோடாலி அக்காவும் அப்படித்தான். அவ ரெண்டு மாசம், விளையாட்டுல கிடைச்ச காசை எல்லாம் மிச்சம் பிடிச்சு நெருப்பு ரூன் வாங்கினா. கேரக்டர் ஷீட் ஓரத்துல அந்தக் கோடாலியை சிவப்புப் பென்சில்ல வரைஞ்சு வெச்சிருந்தா. அதைப் பொறிச்சுக் கொடுத்ததே மம்பட்டிதான். ரூன் மாத்தற விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்குக் காட்டினது யார் தெரியுமா? அவதான்!

நான் எப்படிப்பட்ட ஆளுன்னா... காலேஜ்ல 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸுக்கு எத்தனை பீரியட் கட் அடிக்கலாம்னு எக்ஸெல் ஷீட் போட்டவன். விதின்னா ஓட்டை தேடணும், அவ்வளவுதான் தெரியும்.

டிசம்பர்ல ஒரு ஞாயிறு. எங்க கூட்டம் ஒரு பாலத்தைக் கடக்கணும். பின்னாடி ட்ரோல்கள் துரத்துது. இந்த விளையாட்டுல ட்ரோல்னா வெட்ட வெட்ட முளைக்கற ஜந்து. தீயோ அமிலமோ பட்டாத்தான் காயம் ஆறாம இருக்கும். எங்ககிட்ட இருந்த ஒரே தீ, அக்காவோட கோடாலி. மம்பட்டிக்கு குட்டைக் கால், ஓட்டத்துல பின்தங்கிட்டான். அக்கா திரும்பினா. "நீங்க போங்க, நான் நிக்கறேன்."

நின்னா. மூணு ட்ரோல்களைத் தனியாத் தடுத்தா. மம்பட்டி பாலத்தைத் தாண்டினான். அவ சரிஞ்சு விழுந்ததும் எங்க மந்திரவாதி மந்திரத்தால இழுத்து இந்தப் பக்கம் போட்டுட்டு, பாலத்தை இடிச்சுத் தள்ளினான். இந்த விளையாட்டுல உயிர் போறதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 'டையிங்' 1, 2, 3... 4 வந்தா கதை முடிஞ்சது. அவ 3-ல இருந்தா. பிழைக்கணும்னா 13 விழணும். எந்தத் திறமையும் கூட்டிக்க முடியாது, வெறும் பகடை. உருட்டினா. 5.

கிச்சன் கப்சிப். அவ சிரிச்ச மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டா. எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட் அவ, ஜனவரியில ஊருக்குக் கிளம்பணும். எப்படியும் அக்காவோட கதை முடியப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இப்படின்னு தெரியாது.

அந்த அமைதியில வாயைத் திறந்தேன் பாருங்க... "அப்போ அந்த நெருப்பு ரூனை என் வாளுக்கு மாத்திக்கறேன். 50 காசு, ஒரு நாள். இலக்கு 24, எனக்கு 16 இருக்கு, 8 விழுந்தாப் போதும்." யாரும் பதில் சொல்றதுக்கு முன்னாடி உருட்டியும் விட்டேன். 14. "ஜெயிச்சாச்சு!"

என்னைக் காப்பாத்தின கேரக்டர் செத்து அஞ்சு நிமிஷம் ஆகலைங்க. அவ ஷீட்டை ரெண்டா மடிச்சா. "தூக்கம் வருது"ன்னு எழுந்து போயிட்டா. மணி எட்டுதான். அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஊரே கத்துச்சு. எதிர் ரூம்ல இருந்து சத்தமே வரலை.

மறுநாள் கிச்சன்ல பிடிச்சு, "சாரி... ஆனா ரூல்ஸ்ல இருக்குல்ல?"ன்னு ஆரம்பிச்சேன். சாரியைவிட 'ஆனா'தான் சத்தமா விழுந்திருக்கும். அவ டீ கப்பைக் கழுவிக்கிட்டே சொன்னா: "தெரியும். அந்தப் பக்கத்தைக் காட்டினதே நான்தான்." அப்புறம் ரெண்டு நாள் எங்கிட்ட பேசவே இல்லை.

எங்க கேம் மாஸ்டர் அந்த ஊர்க்காரன். அட்வைஸ் பண்ற டைப் இல்லை. "ரூன் ரூன்னு பேசறியே, நிஜத்தைப் பார்த்திருக்கியா?"ன்னு கேட்டு, பனியில சைக்கிள்ல கூட்டிட்டுப் போனான். உப்சாலா யூனிவர்சிட்டி மெயின் பில்டிங் பக்கத்துல ஒரு பார்க். தினமும் அது வழியாத்தான் க்ளாஸுக்குப் போவேன். அங்கே ஆள் உயரத்துக்குக் கற்கள் நிக்கறதைப் பார்த்திருக்கேன், ஏதோ அலங்காரம்னு நினைச்சிருந்தேன். எல்லாமே ரூன் கற்கள்! உப்சாலா இருக்கற உப்லாந்து பகுதியில மட்டும் ஆயிரத்துக்கும் மேல கிடைச்சிருக்கு. பெரும்பாலும் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கல்லுல ஒரு பாம்பு வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கு. அதோட உடம்புக்குள்ள வரிசையா எழுத்துகள். வைக்கிங் காலத்துல மொத்தமே 16 எழுத்துதான், அதுக்கு முன்னாடி 24 இருந்துச்சாம். ஆரம்பத்துல மரத்துல வெட்டின எழுத்து. மர நார் ஓடற திசையில படுக்கைக் கோடு போட்டா எழுத்து சரியாத் தெரியாது. அதனாலதான் எல்லாமே நேர்க்கோடும் சாய்ந்த கோடுமா இருக்கு. ஓடின் என்ற கடவுளே ஒன்பது ராத்திரி மரத்துல தொங்கி, ஈட்டிக் காயத்தோட, சோறு தண்ணி இல்லாமக் கிடந்துதான் இந்த எழுத்துகளைப் பெற்றார்னு அவங்க பழைய பாட்டுல ஒரு கதை. புராணத்துலயே ரூன் சும்மா கிடைக்கலை!

"இதுல என்ன மந்திரம் எழுதியிருக்கு?"ன்னு கேட்டேன்.

"மந்திரமா? பெரும்பாலான கல்லுல ஒரே விஷயம்தான். இன்னார், இன்னாரோட நினைவா இந்தக் கல்லை நட்டார். அப்பாவுக்கு மகன், புருஷனுக்குப் பொண்டாட்டி, கூட்டாளிக்குக் கூட்டாளி. சிலதுல கல் செதுக்கினவர் பேரும் இருக்கும்."

ஓபிர்னு ஒரு சிற்பி சுமார் 50 கற்களில் தன் பேரைப் பொறிச்சிருக்காராம். அவன் சொல்லிக்கிட்டே போனான். எனக்கு அதுக்கு மேல காதுல ஏறலை. கூட்டாளிக்குக் கூட்டாளி நட்ட கல்!

இது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான். எங்க தேனி மாவட்டத்துல புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அங்கே தமிழ் பிராமி எழுத்தோட நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. ஆநிரை கவர்ற சண்டையில விழுந்தவனுக்குக்கூட அதுல ஒரு கல். செத்தவன் பேரைக் கல்லுல வெட்டி நட்ட மண்ணுல பிறந்துட்டு, செத்தவ கையில இருந்ததை உருவி என் வாள்ல மாட்டிக்கிட்டு, '10 சதவீதம்தான்'னு கணக்கு சொல்லியிருக்கேன். குளிர் மைனஸ் ஏழு. முகம் மட்டும் சுட்டுச்சு.

அவ ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ஞாயிறு கடைசி ஆட்டம். கேம் மாஸ்டர் எப்படியோ பேசி அவளைக் கூட்டிட்டு வந்துட்டான். ஒரு ஓரமா உட்கார்ந்தா. கதைப்படி ட்ரோல்கள் மலையைச் சுத்திக்கிட்டு வருது, வந்து சேர மூணு நாள் ஆகும். எல்லாரும் என் நெருப்பு வாளை நம்பித்தான் திட்டம் போடறாங்க.

"மம்பட்டி 3 காசுக்கு ஒரு ரூன்கல் வாங்கறான்"னு சொன்னேன். "வாள்ல இருக்கற நெருப்பு ரூனைக் கல்லுக்கு மாத்தறான்."

மந்திரவாதி பதறிட்டான். "கல்லுல இருந்தா அது வேலையே செய்யாதே!"

"தெரியும்."

50 காசை எடுத்து வெச்சேன். அதே இலக்கு 24. அதே 8 விழணும். உருட்டினேன். 6! ஒரு நாள் போச்சு. பாவம் பார்த்து விடுவான்னு கேம் மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். அவன் காலண்டர்ல ஒரு கோடு அடிச்சான், அவ்வளவுதான். ரெண்டாம் நாள் மறுபடியும் உருட்டினேன். 11.

"இடிஞ்ச பாலத்தோட இந்தப் பக்கத்துல கல்லை நடறான். எழுதியிருக்கறது: கோடாலி அக்காவின் நினைவாக மம்பட்டி நட்ட கல். அவள் நின்றதால் நாங்கள் கடந்தோம்."

அவ ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தா. சிவப்புப் பென்சிலை எடுத்து, பாலத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கல் வரைஞ்சா. சுத்தி ஒரு பாம்பு. அப்புறம் என்னைப் பார்த்து, "வாளுக்குத் தீ இல்லை. ட்ரோலை எப்படி அடிப்பீங்க, முட்டாள்?"னா. அந்த 'முட்டாள்'ல கோபம் இல்லை!

எண்ணெய்ப் பந்தம், தீப்பானை, மலைமேல இருந்து உருட்டின பாறைன்னு என்னென்னமோ பண்ணினோம். மூணு மணி நேரம் ஆச்சு. மம்பட்டி ரெண்டு தடவை செத்துப் பிழைச்சான். நடுவுல ஒரு ராத்திரி கல்லுக்குப் பக்கத்துலயே முகாம் போட்டோம். அதுல இருந்து ரூனை வாளுக்கு மாத்த ஒரு காசு செலவில்லை. டேபிள்ல இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஆட்டம் முடிஞ்சப்போ மணி பத்து. ஜன்னலைத் திறந்து எல்லாரும் கத்தினோம். அவதான் அதிகச் சத்தம்.

அவ ஊருக்குப் போய் வருஷங்கள் ஆச்சு. நானும் படிப்பு முடிச்சு ஊர் திரும்பிட்டேன். அந்த வரைபடம் இப்போ என் பீரோவுல இருக்கு. பொங்கலுக்கு அவ வாழ்த்து அனுப்புவா, தமிழ்ல 'அக்கா'ன்னு கையெழுத்து போட்டு!

நீங்களும் ஹாஸ்டல்ல ஆடிப் பாருங்க மக்கா. நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு செட் பகடை இருந்தாப் போதும். பாத்ஃபைண்டர் விதிகளை முழுசா இணையத்துலயே இலவசமாப் படிக்கலாம். கணக்குல கெட்டியா இருங்க, ஓட்டையும் தேடுங்க, தப்பில்லை. ஒண்ணு மட்டும் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு ரூனை மாத்த 50 காசுன்னு புத்தகத்துல போட்டிருக்கும். அதை யார்கிட்ட இருந்து எடுக்கறீங்களோ, அவங்களுக்கு அது என்ன விலைன்னு எந்தப் பக்கத்துலயும் போட்டிருக்காது. அதைத் தெரிஞ்சுக்க டேபிளுக்கு எதிர்ல இருக்கற முகத்தைத்தான் பார்க்கணும்.

அப்புறம், அந்த ப்ளூடூத் ராஜா? டென்மார்க்ல யெல்லிங் என்ற ஊர்ல அவர் நட்ட பெரிய ரூன் கல் இன்னும் நிக்குது. நாட்டை ஜெயிச்ச பெருமையை எல்லாம் அதுல எழுதியிருக்கார். ஆனா முதல் வரியில என்ன இருக்கு தெரியுமா? அப்பா கோர்ம், அம்மா தீரா நினைவா இதை எழுப்பினேன்னுதான்!

இப்போ ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிக்கலாம் பாஸ். சார்ஜ் இறங்கும்!